பிசகா, தப்பா, குத்தமா?

அத்தியாயம் 11

போன வாரம் ரஞ்சித்குமாரை இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். பாவம், எத்தனை நாள்தான் நிற்பார்! முதலில் அவரைக் கரையேற்றிவிடுவோம்.

செவ்வாய்க்கிழமை காலை, தன் முறை என்று வலையோடு முகத்துவாரத்துக்குப் போனார் ரஞ்சித்குமார். அங்கே ஏற்கெனவே பிரபாகரனின் வலைக்கம்புகள் நடப்பட்டிருந்தன. வலை சுற்றியாகிவிட்டது. உள்ளே எறா, அதுதான் இறால், துள்ளிக்கொண்டிருந்தது. வாய்ச்சண்டை முற்றி, ஆளுக்கொரு துடுப்பைத் தூக்கிவிட்டார்கள். நல்ல வேளையாக யார் மண்டையும் உடையவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. கரைமேட்டுக்குப்பத்து அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியிருக்கிறது.

இந்த வாரம்தான் புதிதாகப் படிக்க வந்தீர்கள் என்றால், ஒரு வார்த்தை. பழவேற்காட்டு ஏரி கடலோடு சேருகிற இடத்தில் எறா ஓடும் தடங்களுக்குப் பாடு என்று பெயர். யாருக்கு எந்த நாள் என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்து வரிசை வைத்திருக்கிறார்கள். அடுத்தவன் முறையில் வலை இறக்குவதும் அடுத்தவன் வீட்டில் அடுப்பு மூட்டுவதும் இந்த ஊரில் ஒன்றுதான்.

ஊரில் சாவு விழுந்தால் மட்டும் ஏரியை மூடிவிடுவார்கள். அன்று யாரும் இறங்கக் கூடாது. வரிசையில் எல்லாருக்கும் ஒரு நாள் தள்ளிப்போகும்.

தலைவர் தருமன் தொண்டையைச் செருமினார். கூட்டம் அடங்கியது.

"ரஞ்சித்து, நீ இன்னா சொல்றே?"

"குத்தம்னு சொல்றேன். தெரிஞ்சே என் மொறைல எறங்கிக்கீறான். கேக்கப் போனா, என் மொறதான், நீ போய் தூங்குன்றான்."

"பிரபா?"

"பிசகு, தலைவரே. எங்க வூட்டு காலண்டர்ல செவ்வாக்கெழமைதான் சுழிச்சிருந்துச்சு."

"அப்ப காலண்டரக் கூட்டினு வந்து நிக்க வையி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

பிரபாகரன் சிரிக்கவில்லை. சிரிக்கிற விஷயமா அது? கோர்ட்டில் எத்தனை பிரிவுகள் வேண்டுமானாலும் இருக்கட்டும், இந்த ஊர் நோட்டில் மூன்றே பெயர்கள்தான். தெரியாமல் நடந்தது பிசகு. அடுத்த முறையை எதிராளிக்கு விட்டுக்கொடுத்தால் போதும், அப்புறம் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. தெரிந்தே செய்து, நோட்டில் எழுதுவதற்குள் தானாக வந்து ஒத்துக்கொண்டால் தப்பு. மூன்று முறை போய்விடும். தெரிந்தே செய்து மறைத்தால் குத்தம். ஒரு வருஷத்துக்கு முறைப் பட்டியலில் பெயரே இருக்காது.

பெயர் இல்லாதவன் அடுத்தவன் வலையில் கூலிக்கு நிற்கலாம். இல்லாவிட்டால் கும்மிடிப்பூண்டி பஸ் ஏறி ஏதாவது கம்பெனி கேட்டில் நிற்கலாம். பட்டியலில் முதலில் பிரபாகரனின் அப்பா இருந்து, அவருக்குப் பின் பிரபாகரனுக்கு வந்த இடம் இது. அதுதான் இன்று அந்தரத்தில் தொங்குகிறது.

"தலைவரே, நான் பேசணும்."

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து முன்னால் வந்தாள் பிரபாகரனின் மனைவி வளர்மதி. முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். கையில் போன்.

"ஒன் வூட்டுக்காரன்தான் பேசறானேம்மா?"

"காலண்டர்ல சுழிச்சது நானு. என் பிசகுக்கு அவரு இன்னா பேசுவாரு?"

"வந்துட்டாங்க சுண்ணாம்பொளத்து வக்கீலம்மா!" என்றாள் ரஞ்சித்குமாரின் மனைவி வசந்தா, எல்லாருக்கும் கேட்கும்படி. வளர்மதியின் பிறந்த ஊர் சுண்ணாம்புக்குளம். கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் அதைச் சொல்லிக்காட்ட ஆள் இருக்கிறது.

"ஃபீஸ் கேக்க மாட்டேன் வசந்தாக்கா. சும்மா கேளுங்க."

பெண்கள் பக்கம் களுக்கென்று சிரிப்பு. தருமன்கூட மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, சொல்லு."

"மாசிலாமணி பெரியப்பா தவறிப்போனது போன வாரம் பொதங்கெழம. எடுத்தது என்னிக்கு?"

"வியாழக்கெழம சாயங்காலம். மஸ்கட்லருந்து புள்ள வர்ற வரைக்கும் ஐஸ் பொட்டில வச்சிருந்தோம்."

"அப்ப ஏரி எத்தினி நாளு மூடல்?"

"எடுக்கற வரைக்கும் மூடல்தானே. ரெண்டு நாளு."

"நான் ஒரு நாளுதான் தள்ளி சுழிச்சேன். எங்க நைனா வூட்லயும் சரி, இங்கயும் சரி, ஒரு சாவுக்கு ஒரு நாளுன்னு எண்ணித்தான் பழக்கம். கை தன்னால அப்பிடிப் போட்டுடுச்சு. ஐஸ் பொட்டி வந்து கணக்க மாத்தும்னு தோணல. சனிக்கெழம சுழிச்சிட்டு, போட்டோ எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். தேதி, மணி எல்லாம் இருக்கு. பாருங்க."

போனை நீட்டினாள். தருமன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். விரலால் பெரிதாக்கி இன்னொரு முறை பார்த்தார். பக்கத்தில் இருந்த சிவசங்கரிடம் கொடுத்தார். ஊர் நோட்டை எழுதுகிறவர் சிவசங்கர். படகு வேலையை விட இந்த வேலையில்தான் அவருக்குப் பெருமை அதிகம். அவரும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"செவ்வாக்கெழம மேல செவப்பு வட்டம் கீது."

"ஐஸ் பொட்டில இப்பிடி ஒரு வில்லங்கம் கீதா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். கூட்டத்தின் குரல் மாறிவிட்டது. தங்கள் வீட்டுக் காலண்டரை மனசுக்குள் எண்ணிப் பார்க்கிறவர்களின் முணுமுணுப்பு அது.

தருமன் கடைசிக் கேள்வியைக் கேட்டார். இந்த ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் எதற்கும் பெயர் வைக்க மாட்டார்கள்.

"பிரபா. வலைய சுத்தறதுக்கு முன்ன, இது ஒன் மொற இல்லன்னு யாராச்சும் ஒன்கிட்ட சொன்னாங்களா?"

"இல்ல, தலைவரே."

அந்த நேரம் வளர்மதி வசந்தாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்துவிட்ட சந்தோஷம், என்ன செய்வது? கொஞ்சம் திரும்பித் தன் மாமியாரைப் பார்த்திருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே வேறு பக்கம் போயிருக்கும்.

"பிசகு," என்றார் தருமன். "வர்ற மொறைய ரஞ்சித்துக்கு வுட்டுக்குடு. சிவசங்கர், வெளக்கு வச்சதும் நோட்ட வாசிச்சு எழுதிடு. அதுக்குள்ள யாருக்காச்சும் எதனா சொல்லணும்னா வந்து சொல்லலாம். எழுதினதுக்கப்புறம் பேச்சு இல்ல."

கூட்டம் கலைந்தது. போகிற போக்கில் வசந்தா வளர்மதியின் தோளை இடித்துவிட்டுப் போனாள்.

"காலண்டரே ஒழுங்கா எண்ணத் தெரில. இதுல வக்கீலு வேற."

"அடுத்த மாசம் நீங்க வந்து எண்ணிக் குடுங்கக்கா. டீ போட்டுத் தரேன்."

*

மத்தியானம் வீட்டில் மடவை மீன் குழம்பு கொதித்தது. வளர்மதி வாயில் ஏதோ பாட்டு. பிரபாகரன் சாப்பிட்டுவிட்டு வலை அலசப் போயிருந்தான்.

மாமியார் காந்தாவின் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

"இன்னா அத்தே, உப்பு கம்மியா?"

"எல்லாம் சரியாதான் கீது."

"அப்புறம் இன்னா? உங்க புள்ள பேரு நோட்டுல பத்திரமா இருக்கு. நல்லா சாப்புடுங்க."

வளர்மதி கையைத் துடைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவை எடுத்தாள். விட்டுக்கொடுத்த முறையை இப்போதே அடித்துவிட வேண்டும், இன்னொரு பிசகுக்கு இந்த வீட்டில் இடமில்லை. காலண்டர் முன்னால் போய் நின்றாள்.

அவள் போட்ட சிவப்பு வட்டத்தின் மேல் கறுப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. பக்கத்துக் கட்டத்தில், புதன்கிழமை மேல், கறுப்பு வட்டம். அதற்கப்புறம் வருகிற முறைகள் எல்லாமே ஒவ்வொரு கட்டம் தள்ளி, அழகாக, சரியாக.

"அத்தே, இத எப்ப போட்டீங்க?"

"எத?"

"இந்தக் கறுப்பு வட்டத்த."

"அது... அன்னிக்கி."

"என்னிக்கி?"

"செவ்வாக்கெழம."

"சண்ட முடிஞ்சு அவரு வூட்டுக்கு வந்தப்புறமா?"

காந்தா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சோற்றைப் பிசைந்தாள். பிசைந்த சோற்றையே திரும்பப் பிசைந்தாள்.

"அத்தே."

"காலைல. அடுப்பு பத்த வைக்கசொல்ல கண்ணுல பட்டுச்சு. ரெண்டு நாளும் சாவு வூட்ல குந்தினு இருந்தவ நானு. எனக்குத் தெரியாதா ரெண்டு நாளுன்னு?"

"அவருக்கு சொன்னீங்களா?"

"போன் போட்டேன். அஞ்சே முக்காலு இருக்கும். இன்னிக்கு ரஞ்சித்து மொறடா நைனா, ஏறி வந்துர்றான்னேன்." காந்தாவின் குரல் இறங்கியது. "கம்புதான் நட்டுக்கீறோம், வலை இனிமேதான்னான். அப்ப புடுங்கினு வாடான்னேன். எறா துள்ளுதும்மா, இத வுட்டுட்டு எவன் வருவான், நீ போன வையின்னு கட் பண்ணிட்டான்."

குழம்பு தளதளத்தது. வளர்மதி போய் அடுப்பை அணைத்தாள்.

"காலைல அங்கதானே நின்னீங்க. ஏன் சொல்லல?"

"பெத்தவ எப்பிடிடீ சொல்லுவா? குத்தம்னு எழுதிட்டா எம்புள்ள கம்பெனி கேட்ல போயி நிக்கணுமா? நீதான் நல்லா பேசிட்டியே. ஊரே நம்பிடுச்சு. அப்பிடியே வுட்டுடு, மதி."

ஊரே நம்பியது உண்மைதான். அவளும் நம்பித்தான் பேசினாள். காலையில் அவள் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. ஆனால் அது காலையில்.

வளர்மதி முந்தானையை மறுபடி இடுப்பில் செருகினாள்.

"எங்கடீ போற?"

"உங்க புள்ளகிட்ட."

*

பிரபாகரன் படகு ஓரத்தில் உட்கார்ந்து வலையிலிருந்த பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரிந்தது.

"வாங்க வக்கீலம்மா! ஊரே உன் பேச்சுதான்."

"அஞ்சே முக்காலுக்கு போன்ல யாரு?"

பல் மறைந்தது. கை மட்டும் வலையில் வேலை செய்வது போல நடித்தது.

"அம்மா சொல்லிடுச்சா?"

"காலண்டர் சொல்லிச்சு. அப்புறம் அத்த சொன்னாங்க."

"மதி, கேளு. நீ அங்க இல்ல. மணலு அடைச்சிருந்த முகத்துவாரம் தொறந்து ரெண்டே நாளு. ஏழு மாசமா நாம பாக்காத எறா. மொணங்கால்ல வந்து மோதுது. மூணு பேரு வலைய கைல வச்சினு என் மூஞ்சியப் பாக்கறானுங்க. அவங்களப் பாத்து ஏறுங்கடான்னு எப்பிடி சொல்றது?"

"வாயால."

"கிண்டலா? மொதல்ல தப்பா எண்ணினது யாரு? ஒன் பிசகுல ஆரம்பிச்சதுதானே எல்லாம்?"

"ஆமா. அஞ்சே முக்கால் வரைக்கும் என்னுது. அதுக்கப்புறம் உன்னுது."

அவன் வலையைக் கீழே போட்டான். தூரத்தில் ஒரு படகின் இன்ஜின் இருமிக்கொண்டே போனது.

"இன்னா செய்யச் சொல்ற?"

"வெளக்கு வைக்கறதுக்குள்ள போயி சொல்லு. நீயா சொன்னா தப்புன்னு எழுதுவாங்க."

"மூணு மொறடீ! இந்த எறா நேரத்துல மூணு மொற போச்சுன்னா, இந்த வருஷமே போச்சு."

"தெரியும். மறைச்சு மாட்டினா ஒரு வருஷம் பேரே போச்சு. அதுவும் தெரியும்."

"எப்பிடி மாட்டுவேன்? அம்மா சொல்லுமா? நீ சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

சத்தம் போடாமல், காய்கறிக்காரனிடம் விலை கேட்பது போலச் சொன்னாள். அதனால்தான் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கட்டின புருஷன மாட்டி வுடுவியா நீ?"

"கட்டினதாலதான் உங்கிட்ட மொதல்ல வந்தேன். இல்லன்னா நேரா கோயிலுக்குப் போயிருப்பேன்." அவன் எதிரில் குந்தினாள். "இந்தாய்யா, என்னப் பாரு. காலைல ஊர் முன்ன நின்னு பிசகுன்னு சொன்னது நானு. அப்ப எனக்குத் தெரியாது, அது என் பிசகு. தெரிஞ்சு இப்ப அரை மணி நேரம் ஆவுது. இதுக்கு மேல நான் வாய மூடினு இருந்தா, எனக்கு இன்னா பேரு?"

பிரபாகரன் எழுந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், முட்டியளவுத் தண்ணீரில் இறங்கி நடந்தான். எங்கே போகிறான் என்று அவளும் கேட்கவில்லை.

*

விளக்கு வைத்தாயிற்று. காலையில் இருந்ததில் பாதிக் கூட்டம்தான். நோட்டு வாசிக்கிற நேரத்துக்குச் சம்பந்தப்பட்டவர்கள் வந்தால் போதும். ரஞ்சித்குமாரும் வசந்தாவும் வந்திருந்தார்கள். மத்தியானத்திலிருந்து ஒரு வார்த்தை பேசாத மாமியாரும் மருமகளும் ஒன்றாகத்தான் வந்தார்கள்.

பிரபாகரனைக் காணவில்லை.

சிவசங்கர் நோட்டைப் பிரித்து, கல்யாணப் பத்திரிகை வாசிப்பது போல ராகம் போட்டு ஆரம்பித்தார்.

"முகத்துவாரப் பாடு சம்பந்தமா ரஞ்சித்குமாருக்கும் பிரபாகரனுக்கும் உண்டான வழக்குல, நடந்தது பிசகுன்னு ஊரு முடிவு பண்ணி..."

பேனா மூடியைத் திறந்தார்.

வளர்மதி எழுந்தாள். காந்தா அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். வளர்மதி அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

"அண்ணே, எழுதாதீங்க," என்று அவள் வாய் திறப்பதற்குள், பின்னாலிருந்து அதே வார்த்தை ஆண் குரலில் வந்தது.

"எழுதாத, சிவசங்கர்."

பிரபாகரன். லுங்கி தொடைவரை நனைந்திருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, நேராகத் தலைவர் முன்னால் வந்து நின்றான்.

"பிசகு இல்ல, தலைவரே. என் மொற இல்லன்னு அஞ்சே முக்காலுக்குத் தெரியும். வலை சுத்தறதுக்கு முன்னாடியே தெரியும். எறாவப் பாத்ததும் மனசு கேக்கல. காலைல நீங்க கேட்டப்ப இல்லன்னு சொன்னது பொய்யி."

ரஞ்சித்குமார் துள்ளி எழுந்தார். "நான்தான் சொன்னேன்ல! குத்தம்! எழுதுயா குத்தம்னு!"

"குந்து ரஞ்சித்து."

"ஊரு முன்னால பொய் சொல்லிக்கீறான் தலைவரே!"

"இன்னும் எழுதல. அதுக்குள்ள அவனா வந்து சொல்லிட்டான்." தருமன் பிரபாகரனை ஏற இறங்கப் பார்த்தார். "தப்பு. மூணு மொற போச்சு. மூணும் ரஞ்சித்துக்கு. சம்மதமா?"

மூன்று முறை. பிரபாகரன் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தான்.

"சம்மதம்."

வளர்மதி மூச்சை விட்டாள். இந்த வருஷம் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் பட்டியலில் பெயர் இருக்கிறது, அந்தப் பெயரை அவளால் நிமிர்ந்து படிக்க முடியும். அது போதும். மீதியைப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்போதுதான் வசந்தா கேட்டாள்.

"அஞ்சே முக்காலுக்குத் தெரியும்னா, சொன்னது யாரு?"

பிரபாகரன் தரையைப் பார்த்தான். "அது எதுக்குக்கா இப்ப?"

"எதுக்கா? சொன்னவங்க காலைல இங்கதானே நின்னிருக்கணும்? தலைவரு கேட்டப்ப வாயத் தெறக்காம நின்னது யாருன்னு எங்களுக்குத் தெரிய வேணாமா?"

"நான்தான்."

காந்தா எழுந்து நின்றாள்.

"ஏறி வாடான்னு சொன்னதும் நானு. காலைல சொல்லாம நின்னதும் நானு. எழுது சிவசங்கர்."

சிவசங்கர் பேனாவைப் பிடித்தபடியே தருமனைப் பார்த்தார்.

"தலைவரே, இதுக்கு இன்னா பேரு போடறது?"

தருமன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிசகு என்றால், தெரியாமல் நடந்ததா? இல்லை, தெரிந்துதான் நின்றாள். தப்பு என்றால், அவள் எந்த வலையை இறக்கினாள்? வேண்டாம் என்றல்லவா தடுத்தாள். குத்தம் என்றால் மறைத்தாள், வாஸ்தவம். ஆனால் பட்டியலில் பெயரே இல்லாத ஒரு பெண்ணுக்கு எந்தப் பெயரை அடிப்பது?

"பொம்பள வெவகாரம் தலைவரே, வுடுங்க," என்றார் ஒருவர்.

"அதெப்பிடி வுடுவீங்க?" காந்தா அவர் பக்கம் திரும்பினாள். "எம்புள்ள செஞ்சதுக்கு ஒரு பேரு வச்சீங்க. நான் செஞ்சதுக்கும் வைங்க. வைக்காம நான் வூட்டுக்குப் போவ மாட்டேன்."

சொல்லிவிட்டுக் கோயில் முன்னால் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

வளர்மதி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். காந்தா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

ரஞ்சித்குமார் மனைவியின் கையைப் பிடித்தார். "மூணு மொற வந்துடுச்சுல்ல, வா போலாம்."

வசந்தா கையை உதறினாள்.

"நீ போ. இன்னா பேரு வைக்கறாங்கன்னு எனக்கும் தெரியணும்." காந்தாவுக்கு நேர் எதிரில், முகத்துக்கு முகம் பார்க்கிற மாதிரி, அவளும் மணலில் உட்கார்ந்தாள்.

தருமன் மூன்று பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிவசங்கரின் கையிலிருந்து நோட்டை வாங்கி, இதற்கு முன் எப்போதாவது இப்படி ஒன்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்களா என்று முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தார்.